சட்டமன்றம் வரை வந்த ஊசிமருந்து

ஃபோமெபிசோலைக் கண்டெடுத்தவர்கள் கள்ளச்சாராயத்தை நினைத்துத் தேடவில்லை. 1955இல் நோபல் பரிசு வாங்கிய ஹியூகோ தியோரெல், ஆல்கஹாலைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை 1960களில் ஸ்டாக்ஹோமில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த நொதியை முடக்கிப் பார்க்க ஒரு வேதிப்பொருள் வேண்டியிருந்தது. முதலில் பைரசோல் அகப்பட்டது. பிறகு அதைவிட வீரியமான மீத்தைல் பைரசோல். பின்னாளில் ஃபோமெபிசோல் என்ற பெயரில் மருந்தானது இதுதான்.

கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் உள்ளே போனவுடன் ஆளைச் சாய்ப்பதில்லை. குடித்தவர் வீட்டுக்கு நடந்து போய்த் தூங்கிவிடுவார். அந்தப் பல மணி நேரத்தில் மேற்சொன்ன நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அது பிறகு ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண்பார்வையையும் உயிரையும் பறிப்பது இந்த அமிலம். நொதியைப் பூட்டிவிட்டால் மெத்தனால் மாறாமலே மெல்ல வெளியேறும். இதற்கு எத்தனாலும் உதவும், அளவைக் கட்டிக்காப்பதுதான் பாடு. அமிலம் சேர்ந்துவிட்டால் டயாலிசிஸ் வேண்டும். எல்லாமே நேரத்தோடு நடக்கும் பந்தயம்.

அமெரிக்காவில் 1997இல் வேறொரு நஞ்சுக்கும், 2000இல் மெத்தனாலுக்கும் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் இதை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. விலை அதிகம், தேவை எப்போதாவதுதான். வாங்கி வைக்க யாருக்கும் கை வராத சரக்கு.

தமிழ்நாட்டுக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் மெத்தனாலுக்கு 20க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், மாதவச்சேரி, சேஷசமுத்திரம் என்று 60க்கும் மேற்பட்ட உயிர்கள். சாராயம் காரணமில்லை என்று முதல் நாள் மாவட்ட நிர்வாகமே சொன்னது. மேலே சொன்ன பந்தயத்தில் அந்த மறுப்புக்கு என்ன விலை என்று படிப்பவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி நிரம்பி, சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பறந்தன.

ஜூன் 20 அன்று சட்டமன்றம் மானியக் கோரிக்கைகளுக்காகக் கூடியது. ஃபோமெபிசோல் என்ற பெயர் அப்போதுதான் அரசியல் மேடைக்கு வந்தது. மருந்து இல்லை என்றார் எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி. தட்டுப்பாடே இல்லை என்றார் அமைச்சர் மா. சுப்பிரமணியன். வயிற்றுப்புண்ணுக்குத் தரும் ஒமெபிரசோல் கையிருப்பும் நடுவில் புகுந்து பேச்சைக் குழப்பியது. கருப்புச் சட்டையோடு வந்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 26ஆம் தேதி கூட்டத்தொடர் முழுவதற்கும் இடைநீக்கம். 29ஆம் தேதி மதுவிலக்குத் திருத்த மசோதா நிறைவேறியது: சாவுக்குக் காரணமானவருக்கு ஆயுள் தண்டனை, லட்சக்கணக்கில் அபராதம். அரசுக்கு அதிகாரம் கூடியது. ஆனால் மருந்தறையில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு அவை உட்கார்ந்து விடை காணவில்லை. இதில் இரு தரப்புக்கும் பங்குண்டு என்பதே என் எண்ணம். கூச்சல் கண்காணிப்பாகாது, வெளியேற்றம் பதிலாகாது.

சாவுகளுக்குப் பிறகு போலீஸ் பக்கத்திலுள்ள கல்வராயன் மலை ஏறி ஊறல்களைக் கொட்டியது. அது வழக்கம்தான். கருணாபுரத்தைக் கொன்றதோ ஆலைகளுக்கான மெத்தனால். மலையில் போடும் ஊறலில் விளைந்தது அல்ல. ஜாகீர்தார்களிடமிருந்து 1976இல்தான் முழுதாக அரசின் கைக்கு வந்த மலை இது. இங்கே சாலை, மருத்துவம் உள்ளிட்ட அடிப்படை வசதி என்ன இருக்கிறது என்று 2024 ஜூலையில் தானாக முன்வந்து வழக்கெடுத்தது சென்னை உயர் நீதிமன்றம். சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டிருக்க வேண்டியதை நீதிபதிகள் கேட்டார்கள்.

கேட்பதற்கு அவைக்கு வழி இல்லாமல் இல்லை. கேள்வி நேரம் இருக்கிறது, பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, மாவட்டந்தோறும் போய்ப் பார்க்கும் மதிப்பீட்டுக் குழுவும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் தொகுதி உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், அடுத்த கூட்டத்தொடரில் எழுத்தில் கேட்கட்டும்: சிறுவங்கூரிலுள்ள கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியில் ஃபோமெபிசோல் எத்தனை குப்பி, எப்போது காலாவதி, எத்தனை டயாலிசிஸ் இயந்திரங்கள் ஓடுகின்றன, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் நள்ளிரவில் ஒருவருக்குக் கண் மங்கினால் கச்சிராயபாளையம் வழியாகக் கீழே கொண்டுவர எவ்வளவு நேரமாகும்?