பாரிக்கும் அதியனுக்கும் பாடிய இருவர்

கரியாலூர் அமைந்துள்ள கல்வராயன் மலைக்கு மேற்கே தகடூர் நாடு. கிழக்கே பெண்ணையாற்றங்கரையில் கோவலூர். சங்க காலத்தில் தகடூரை அதியமான் நெடுமான் அஞ்சியும், இன்று திருக்கோவலூர் எனப்படும் கோவலூரை மலையமான் திருமுடிக்காரியும் ஆண்டனர். அதியனுக்கு ஔவையார் பாடினார். பறம்பு மலையின் தலைவன் பாரிக்குக் கபிலர் பாடினார், காரியையும் புகழ்ந்தார். புறநானூற்றின் 121 முதல் 124 வரையிலான பாடல்கள் காரியைப் பற்றியவை. அதே கோவலூரை அதியன் அழித்த வெற்றியை 99ஆம் பாடலில் ஔவையார் போற்றுகிறார். அரசியலில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற இந்த இரு புலவர்களும் தம் வள்ளலைப் போரில் பறிகொடுத்தவர்கள்.

வள்ளல் இறந்தபின் அவனை நம்பி வாழ்ந்தோர் செயலற்றுப் புலம்புவது கையறுநிலை. புறத்திணையில் இது தனித் துறை. இத்துறையில் இருவரும் பாடிய பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரே இலக்கணத்துக்குள் துயரம் எவ்வளவு வேறுபட்ட வழிகளில் வெளிப்பட முடியும் என்பது தெரியவரும்.

கபிலரின் துயரம் இடத்தின் வழியே பேசுகிறது. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டிருந்தபோதே அந்த மலையின் செல்வத்தை அவர் பட்டியலிட்டுக் காட்டியிருந்தார்: உழாமலே கிடைக்கும் மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். தினையும் சாமையும் விளைவித்துத் தேனெடுத்து வாழ்ந்துவரும் கல்வராயன் மலை மக்களுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. பாரி இறந்தபின் கபிலர் பாடியவை 113 முதல் 120 வரை தொடர்ச்சியாக நிற்கின்றன. முதற் பாட்டில், மதுச்சாடி திறந்தபடியும் ஆட்டுக்கிடாய் வெட்டியபடியும் விருந்து ஓயாதிருந்த மலையிடம் விடைபெறுகிறார்; பாரியின் மகளிருக்குக் கணவரைத் தேடிப் புறப்படுவதாகச் சொல்கிறார். அடுத்த பாட்டில் மலை தொலைவில் தெரிகிறது. இங்கே நிற்பவருக்கும் தெரியும், இன்னும் தள்ளிப் போய் நிற்பவருக்கும் தெரியும் என்கிறார். நடக்க நடக்க மலை பின்னால் போகிறது. பார்வை மட்டும் அதை விடவில்லை.

இந்தத் தொடரின் உச்சம் 116ஆம் பாட்டு. சுரைக்கொடி படர்ந்த சிறுவீடு. அதன் அருகே குப்பைமேட்டில் ஏறி நின்று, சாலையில் போகும் உமணரின் உப்பு வண்டிகளைப் பாரியின் மகளிர் எண்ணுகிறார்கள். முன்பு தம் மலைமேல் நின்று, தந்தையோடு பொர வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள் அவர்கள். எண்ணும் விளையாட்டு மாறவில்லை. எண்ணப்படும் பொருள் மாறிவிட்டது. அந்தப் பெண்கள் அழுததாகக் கபிலர் காட்டவில்லை. அழுகையைக் காட்டாத இந்தப் பாட்டே தமிழின் இரங்கற்பாக்களில் மிகத் துயரமானது எனலாம். 118ஆம் பாட்டில் எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய சிறுகுளம் ஒன்று, காப்பாரின்றி உடையும் நிலையில் இருக்கிறது. பாரி இல்லாத நாடு எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் குளமே போதும்.

ஔவையாரின் வழி நேர் எதிரானது. அவர் மலையைப் பார்ப்பதில்லை. அதியனின் கையையும் மார்பையும் பார்க்கிறார். 235ஆம் பாட்டு அவனுடைய பழக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறது. கள் கொஞ்சமாக இருந்தால் புலவருக்கே தந்துவிடுவான். நிறைய இருந்தால் அவரைப் பாடச்சொல்லித் தானும் மகிழ்ந்து உண்பான். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் புலவரின் தலையைத் தடவிக் கொடுப்பான். பிறகு வேல் வருகிறது. அவன் மார்பில் தைத்த அந்த வேல், பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்போர் கைகளின் ஊடே சென்று, அவனை நம்பியிருந்தோரின் கண்ணொளியை மங்கச்செய்து, நுண்ணிய புலமையுடையோர் நாவில் போய் விழுகிறது. ஒரு மனிதனின் சாவு எத்தனை பேரைச் சாய்த்தது என்பதை ஒரே ஆயுதத்தின் பாதையில் வைத்துக் காட்டிய கற்பனை இது. 232ஆம் பாட்டில் அவர் இன்னும் சீறுகிறார்: காலையும் மாலையும் இல்லாமலே போகட்டும்! நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறுகலத்தில் கள் படைக்கிறார்களே, நாடே தந்தாலும் கொள்ளாத அவன் இதையா ஏற்பான் என்று கேட்கிறார்.

கபிலர் நகர்ந்துகொண்டே பாடுகிறார். ஔவையார் நடுகல்லின் முன் நின்று பாடுகிறார். அவரிடம் துயரம் தங்கி ஊறுகிறது, இவரிடம் வெடிக்கிறது. குறிஞ்சித்திணையில் தேர்ந்து, குறிஞ்சிப்பாட்டில் மலைப்பூக்களை வரிசையாக அடுக்கிய கபிலர், புறத்துயரையும் நிலக்காட்சியாகவே உணர்ந்ததில் வியப்பில்லை.

இங்கிலாந்தின் ரொமாண்டிக் கவிஞர்களிடமும் இந்த இரு போக்குகளைக் காணலாம். உணர்ச்சி பொங்கி எழுவது, பின்னர் அமைதியில் நினைவுகூரப்படுவது என்ற இரண்டையும் கவிதையின் பிறப்புக்கு வேண்டியவையாக 1800இல் வேர்ட்ஸ்வொர்த் எழுதினார். கீட்ஸ் இறந்த 1821ஆம் ஆண்டிலேயே ஷெல்லி அவருக்காக ‘அடோனைஸ்’ என்ற நீண்ட இரங்கற்பா இயற்றினார். ஆனால் ஷெல்லியும் கீட்ஸும் நெருங்கிப் பழகியவர்கள் அல்லர். அந்தப் பாட்டு கிரேக்க இரங்கல் மரபையும் புராணத்தையும் துணைக்கு அழைக்கிறது. தமிழ்ப் புலவர்கள் இருவருக்கும் அந்தத் துணை தேவைப்படவில்லை. ஒருவருக்கு உப்பு வண்டியும், மற்றவருக்குத் தலையைத் தடவிய கையும் போதுமாக இருந்தன.

கபிலரின் முடிவு திருக்கோவலூரோடு இணைந்தது. அவர் வடக்கிருந்து உயிர்விட்டதாகப் புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. திருக்கோவலூர் வீரட்டேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையமானுக்கு அளித்தபின் அவர் தீயில் புகுந்ததாகக் கூறுகிறது. புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகள் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்ததாகச் சொல்வதும் இதோடு பொருந்தவில்லை. கல்வெட்டு கபிலருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. எனவே அதை அவ்வூரார் போற்றி வந்த நினைவாகக் கொள்வதே சரி. அதற்குரிய இடமாக, பெண்ணையாற்றினுள் நிற்கும் பாறை இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகிறது.

அதியனுக்கும் இதே ஆற்றங்கரையில் சான்று உண்டு. திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி பாழி ஒன்றை அளித்ததைப் பதிவு செய்கிறது. அசோகர் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் அதியர் மரபினரே என்பதும் இதனால் உறுதியானது. ஔவையார் பாடிய கொடைக்குக் கல்லிலும் ஓர் எழுத்துச் சான்று கிடைத்தது.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய பிறகே இப்பாடல்கள் பரவலாகப் படிக்கக் கிடைத்தன. தொகை நூல்களில் தனிப்பாட்டுகளை எடுத்துப் படிப்பதே வழக்கம். கபிலரின் எட்டுப் பாட்டுகளை அப்படிப் படிக்கக் கூடாது. 113இல் தொடங்கி 120 வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அதன்பின் 235ஐ எடுக்க வேண்டும்.