அவதூறுச் சட்டமும் சட்ட ஆசிரியர் மரபும்: ஒரு வரலாற்று நோக்கு

சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூவரை மனத்திற் கொண்டே எழுதுகின்றனர். சட்டத்தை ஆக்கும் ஆட்சியாளர், அதற்குப் பொருள் கூறும் நீதிபதி, அதனைக் கொண்டு வாதிடும் சட்டத்தரணி ஆகியோரே அம்மூவர். சட்டத்தைக் கற்பித்தலையும் அதுபற்றி ஆராய்ந்தெழுதுதலையும் வாழ்க்கைப் பணியாகக் கொண்ட ஆசிரியருக்கு இவ்வரலாற்றிலே உரிய இடம் அளிக்கப்படுவதில்லை. பத்திரிகைச் சுதந்திரத்தோடு நெருங்கிய தொடர்புடைய அவதூறுச் சட்டத்தைப் பொறுத்தவரையில் இக்குறைபாடு பாரதூரமானது. இலங்கையின் மானநட்டச் சட்டம் நாடாளுமன்றம் ஆக்கிய கோவை ஒன்றிலிருந்து தோன்றியதன்று. லெய்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய உரைநூலையும், அதனைத் தழுவி வளர்ந்த தீர்ப்புகளையும் ஆய்வுகளையும் அடித்தளமாகக் கொண்டே அது நிற்கின்றது.

சட்டம் யாருடைய மானத்தைக் காக்கின்றது என்னும் வினா இத்துறையின் அடிப்படை வினாவாகும். சட்ட ஆசிரியர் மரபு அவ்வினாவை எவ்வாறு பேணி வந்துள்ளது, அதனால் விளைந்த பயன் யாது, அப்பயனின் எல்லை யாது என்பவற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமானிய அடித்தளம்

கி.மு. 450ஆம் ஆண்டளவில் உரோமில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டம், ஒருவரைத் தாக்கி அவமதித்தவருக்கு இருபத்தைந்து செப்புக்காசு தண்டம் விதித்தது. நாணயத்தின் பெறுமதி வீழ்ச்சியடைந்தபோது இத்தண்டம் பொருளற்றதாயிற்று. லூசியஸ் வெராற்றியஸ் என்னும் செல்வன், வீதியிலே எதிர்ப்பட்டோரைக் கன்னத்தில் அறைந்து செல்ல, அவனைப் பின்தொடர்ந்த அடிமையொருவன் பணப்பையிலிருந்து இருபத்தைந்து காசை எண்ணிக் கொடுத்துச் சென்றான் என அவுலஸ் கெலியஸ் என்னும் உரோம எழுத்தாளர் குறிப்பிடுகின்றார். சட்டத்தின் விலையைக் கொடுக்க வல்லவனுக்கு அவமதிப்பு ஒரு பொழுதுபோக்காகிவிட்ட நிலை இதுவாகும். இதன் பின்னரே, நட்டத்தின் அளவை வழக்குக்கு வழக்கு மதிப்பிடும் முறை உருவாயிற்று. இன்று நாம் மானநட்டம் எனக் கூறும் வழக்குமுறையின் தோற்றுவாய் இதுவே.

ஆயினும் அம்முறை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கையஸ் என்பார் மாணவருக்கென எழுதிய பாடநூலிலே, அடிமைக்குத் தன்னளவில் அவமதிப்பு என்பதொன்று இல்லை எனவும், அவனைக் கடுமையாக இழிவு செய்யுமிடத்து அது அவனுடைய எசமானனுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகவே கொள்ளப்படும் எனவும் விளக்குகின்றார். மானம் என்பது உடைமை வர்க்கத்தின் உடைமைகளுள் ஒன்றாக இருந்தது. இதனைக் கையஸ் கண்டித்தார் அல்லர். எனினும், ஆசிரியர் என்ற முறையில் விதியைத் தெளிவுறப் பதிந்து வைத்தமையாலேயே அதன் வர்க்கச் சார்பை நாம் இன்று இனங்காண முடிகின்றது.

ஒல்லாந்தர் வழியாக

யொஹான்னெஸ் வூட் (1647–1713) லெய்டனிலே சட்டம் கற்பித்தவர். உரோமானியச் சட்டத் தொகுப்புக்கு அவர் எழுதிய பேருரை 1698க்கும் 1704க்கும் இடையில் வெளிவந்தது. அதன் நாற்பத்தேழாம் நூலின் பத்தாம் தலைப்பு அவமதிப்புப் பற்றியதாகும். ஒருவரின் மானத்தைக் கெடுக்கவேண்டும் என்னும் உளக்கருத்து இன்றி அவதூறு இல்லை என்பது இம்மரபின் மையக் கோட்பாடாக அமைந்தது.

1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரோடு இச்சட்டம் இங்கு வந்து சேர்ந்தது. பிரித்தானியர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் நிலவிய சட்டங்களைத் தொடர்ந்து பேண உடன்பட்டனர். ஒல்லாந்தில் 1809இலும் அதனையடுத்து வந்த ஆண்டுகளிலும் புதிய சட்டக்கோவைகள் புகுந்தபோது, அந்நாட்டிலேயே வழக்கொழிந்த உரோம-ஒல்லாந்தச் சட்டம் இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் உயிர்வாழ்ந்தது.

இங்கு யாழ்ப்பாணத்து வரலாறு ஒன்றை நினைவுகூர்தல் தகும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, அடிமைகள் பற்றிய விதிகளையும் தன்னகத்தே கொண்டிருந்தது. ஒரே ஆட்சியின் கீழ், மானத்தைக் காக்கும் சட்டமும் மனிதரை உடைமையாகக் கருதிய சட்டமும் அருகருகே நிலவின. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், சாதியின் பெயரால் மனிதரை இழிவுபடுத்துதலைத் தண்டிக்க 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையஸ் பதிந்து வைத்த அடிமையின் நிலை உரோமோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு தீவு, இரு சட்டங்கள்

பிரித்தானியர் பழைய சட்டத்தைப் பேணியதோடு அமையாது, புதிய சட்டமொன்றையும் கொணர்ந்தனர். மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டக்கோவையைப் பின்பற்றி, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இலங்கையில் ஆக்கப்பட்டது. அதன் 479ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்கியது; 480ஆம் பிரிவு இரண்டாண்டு வரையிலான சிறைத்தண்டனையை விதித்தது. கூறியது உண்மை என எண்பித்தல் மட்டும் போதாது. அதனைக் கூறியது பொதுநன்மைக்காக என்பதனையும் எதிரி காட்டவேண்டும்.

இதன் வேர் இங்கிலாந்திலே உள்ளது. 1605இல் நட்சத்திர மன்று என்னும் அரச நீதிமன்று, ஆட்சியாளர் மீதான பழிப்புரையைச் சமாதானத்துக்கு விளைந்த ஊறாகக் கொண்டு, அவ்வுரை உண்மையாயினும் குற்றமே எனத் தீர்த்தது. இவ்வாறு, தனிமனிதர் தம் செலவிலே தொடரும் குடியியல் வழக்கும், அரசு தன் வளங்களைக் கொண்டு தொடரும் குற்றவியல் வழக்கும் ஒரே பெயரில் இத்தீவிலே இயங்கலாயின. முன்னையதில் வழக்காளியும் எதிரியும் பெயரளவிலேனும் சமமானவர். பின்னையதில் ஒரு பக்கம் சட்டமா அதிபர். மறு பக்கம் பத்திரிகையாசிரியர்.

இவ்விரு மரபுகளின் வேறுபாட்டை உணர்த்தும் குடியியல் வழக்கு பெரேரா எதிர் பீரிஸ் என்பதாகும். அரசாங்க சபை உறுப்பினர் இலஞ்சம் பெற்றமை பற்றி விசாரித்த ஆணையாளரின் அறிக்கை, சாட்சியாக வந்த மருத்துவர் ஒருவரின் வெளிப்படைத்தன்மையைக் குறைகூறியது. அப்பகுதியைச் சிலோன் டெய்லி நியூஸ் வெளியிட, மருத்துவர் வழக்குத் தொடர்ந்தார். 1948இல் பிரிவிக் கவுன்சில் பத்திரிகையின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆங்கிலச் சட்டத்தின் சிறப்புரிமை வகைகளுள் இவ்வெளியீடு அடங்குமா என நோக்குவதை விடுத்து, தீங்கிழைக்கும் உளக்கருத்து இருந்ததா, பொதுமக்கள் அறியவேண்டிய விடயமா என்பவற்றையே அது நோக்கியது. லெய்டன் ஆசிரியரின் கோட்பாடு இருபதாம் நூற்றாண்டின் நாளிதழ் ஒன்றுக்குக் கேடயமாயிற்று எனலாம்.

பல்கலைக்கழகத்தின் பங்கு

1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் சட்டத்துறை தொடங்கியது. அதுவரை சட்டக்கல்வி பெரிதும் தொழிற்பயிற்சியாகவே இருந்து வந்தது. சட்டத்தை வரலாற்றோடும் ஒப்பியல் நோக்கோடும் ஆராயும் வாய்ப்பு இதன் பின்னரே விரிவடைந்தது. பேராசிரியர் த. நடராசா 1972இல் வெளியிட்ட இலங்கைச் சட்ட முறைமையின் வரலாற்றுப் பின்னணி பற்றிய நூல் இப்போக்கின் சிறந்த பேறாகும்.

அவதூறுச் சட்டத்தைப் பொறுத்தமட்டில் சி. எவ். அமரசிங்கவின் பணி தனித்துச் சுட்டத்தக்கது. பின்னாளிற் சர்வதேசச் சட்டத்துறையிலே பெயர்பெற்ற இவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில், உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் அவமதிப்பு வழக்குமுறை பற்றி 1966இலும் 1968இலும் இரு நூல்களை வெளியிட்டார். பழைய உரைகளையும் தென்னாபிரிக்கத் தீர்ப்புகளையும் இலங்கைத் தீர்ப்புகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தமை இவற்றின் சிறப்பு. ஆங்கிலச் சட்டத்திலிருந்து புகுந்த விதி எது, மூலச் சட்டத்துக்குரிய விதி எது எனப் பிரித்தறிவது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. பத்திரிகையாசிரியர் ஒருவர் தமது உளக்கருத்துத் தூயது என வாதிட முடியுமா, முடியாதா என்பது அப்பிரிப்பிலேயே தங்கியுள்ளது.

இதே வினா தென்னாபிரிக்காவிலும் எழுந்தது. 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்று, பத்திரிகை நிறுவனங்களுக்கு உளக்கருத்தோ கவனயீனமோ இன்றியும் பொறுப்புண்டு எனத் தீர்த்தது. நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை எழுத முனைந்த ஏடுகளுக்கு இது பெருஞ்சுமையாயிற்று. சட்ட ஆசிரியர்கள் இத்தீர்ப்பைத் தம் நூல்களிலும் ஆய்வேடுகளிலும் கண்டித்தனர். 1985இல் யொனதன் பேர்ச்செல் வெளியிட்ட அவதூறுச் சட்ட நூல் அக்காலத்தின் முக்கிய ஆக்கமாகும். 1998இல், நிறவெறி ஆட்சி வீழ்ந்து நான்காண்டுகளின் பின், பொகோசி வழக்கிலே முன்னைய தீர்ப்பு பிழையெனத் தள்ளப்பட்டது. நியாயமான முறையில் வெளியிடப்பட்ட செய்தி, பின்னர் பொய்யெனக் காணப்பட்டாலும், பாதுகாப்புப் பெறலாம் என்னும் விதி நிலைபெற்றது. மக்களின் போராட்டம் கதவைத் திறந்தபோது அதன் வழியே செல்லவேண்டிய வாதம் ஆசிரியர்களின் ஏடுகளில் ஆயத்தமாக இருந்தது.

அரசும் பத்திரிகையும்

இலங்கையிலோ அரசுக்கும் பத்திரிகைக்கும் இடையிலான முரண்பாடு வேறு வழியிற் கூர்மையடைந்தது. 1973இல் பத்திரிகைப் பேரவைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் லேக் ஹவுஸ் நிறுவனம் சட்டத்தின் மூலம் அரசின் பிடிக்குள் வந்தது. தனியார் ஏகபோகத்தை உடைத்தல் என்னும் பெயரிலே இது செய்யப்பட்டபோது முற்போக்காளர் பலர் வரவேற்றனர். ஏகபோகம் கைமாறியதேயன்றி மறையவில்லை என்பதனைப் பின்வந்த ஆண்டுகள் உணர்த்தின. இடதுசாரி இயக்கம் தன்னைத்தானே விமர்சிக்க வேண்டிய இடங்களுள் இதுவுமொன்று.

1990களிலே குற்றவியல் அவதூறுச் சட்டம் பத்திரிகையாசிரியர்கள் மீது தொடர்ந்து ஏவப்பட்டது. சனாதிபதியை அவதூறு செய்ததாகச் சண்டே ரைம்ஸ் ஆசிரியர் 1997இல் மேல் நீதிமன்றத்தினால் குற்றவாளியாகக் காணப்பட்டார். ராவய ஆசிரியர் விக்ரர் ஐவன் மீதான குற்றப்பத்திரங்கள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருந்தன. அவ்வாறு வைத்திருந்தமையே கருத்து வெளிப்பாட்டு உரிமையை மீறியதாகும் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் முடிவு செய்தது. வழக்கை நடத்தாமலே, வழக்கு உண்டு என்னும் அச்சத்தினால் பேனாவைத் தடுக்கமுடியும் என்பதற்குக் கிடைத்த அங்கீகாரம் இது.

இச்சூழலில், நீண்டகாலம் சட்ட ஆசிரியராகவும் சட்டக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய ஆர். கே. டபிள்யூ. குணசேகர தலைமையிலான குழு, ஊடகச் சட்டங்களின் சீர்திருத்தம் பற்றி 1996இல் அறிக்கை சமர்ப்பித்தது. குற்றவியல் அவதூறை நீக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 1998இல் கொழும்புப் பிரகடனத்தின் வாயிலாகப் பத்திரிகையாளர் அமைப்புகள் இக்கோரிக்கையை வலியுறுத்தின. 2002ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அவதூறு பற்றிய அத்தியாயத்தையும், அரசுத் தலைவரை இழிவுபடுத்தல் பற்றிய 118ஆம் பிரிவையும் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கியது. இச்சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்து தன் குற்றவியல் அவதூறை ஒழித்தது 2010இலேயே. இந்திய உச்ச நீதிமன்றமோ 2016இலும் அதனைச் செல்லுபடியானதெனக் கொண்டது. இந்த ஒரு விடயத்திலேனும் இலங்கை முன்னே நடந்தது.

ஆய்வின் எல்லை

இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் வரலாற்று நேர்மையாகாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட நாள்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் தீக்கிரையாயிற்று. அதனை எரித்தவர் எந்தப் பிரிவின் கீழும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்து காத்திருக்கவில்லை. அவதூறு வழக்கிலே 2000இல் குற்றவாளியாகக் காணப்பட்ட சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, அச்சட்டம் நீக்கப்பட்டு ஏழாண்டுகள் செல்லுமுன்னரே, 2009 சனவரியில் வீதியிலே கொல்லப்பட்டார். சட்டத்தின் வழி அடக்க முடியாதபோது சட்டத்துக்குப் புறம்பான வழி நாடப்பட்டது. தமிழ்ப் பத்திரிகையாளரைப் பொறுத்தவரையில் நீதிமன்றத்தின் அழைப்பாணையைவிட நள்ளிரவில் கதவு தட்டப்படும் ஓசையே பெரிய அச்சமாக இருந்தது. இதனை ஒப்புக்கொள்ளாத ஊடகச் சட்ட ஆய்வு பாதி ஆய்வேயாகும்.

நீக்கப்பட்ட சட்டம் வேறு உருவில் மீள்வதும் உண்டு. 2024இல் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்றுகளைக் குற்றமாக்கிச் சிறைத்தண்டனைக்கு உட்படுத்தியது. எது பொய் என்பதனை முதலில் தீர்மானிக்கும் அதிகாரம் ஓர் ஆணைக்குழுவிடம் அளிக்கப்பட்டது. 1605, 1883 ஆகிய ஆண்டுகளின் சிந்தனையை அறிந்த ஒருவருக்கு இது புதிய பிரச்சினையாகத் தோன்றாது. ஆட்சியாளரின் மானத்தைப் பொது அமைதியின் பெயரால் காக்கும் அதே முறை, புதிய கருவியொன்றை நோக்கித் திருப்பப்பட்டுள்ளது.

இவ்வாறு இனங்காணும் ஆற்றலே சட்ட ஆசிரியர் மரபு சமூகத்துக்கு அளிக்கும் கொடையாகும். ஆனால், இவ்விடயத்திலே இம்மரபு பெரிதும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலுமே வளர்ந்தது. கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ இருந்து செய்தி அனுப்பும் நிருபர், தாம் எழுதும் வாக்கியத்துக்குச் சட்டத்தில் உள்ள பாதுகாப்பு எது, ஆபத்து எது என்பதனைத் தம் மொழியிலே கற்றறிய வேண்டும். தம்மைப் பற்றி அவதூறு எழுதப்பட்ட ஏழைத் தொழிலாளியும் தமக்கும் மானநட்ட உரிமை உண்டு என்பதனைத் தம் மொழியிலேயே அறியவேண்டும். பத்திரிகையின் சுதந்திரமும் எளியவரின் மானமும் ஒன்றுக்கொன்று பகையானவை எனக் கொள்ளுதல் தவறு. இரண்டையும் மறுத்தது ஒரே அதிகாரமே. சட்டத்துறையும் தமிழ்த்துறையும் இணைந்து ஆற்றவேண்டிய இப்பணியைப் பல்கலைக்கழகங்கள் இனியும் ஒத்திவைத்தல் ஆகாது.