மேல்சபை வழியா வந்த ஸ்ரீரங்கத்து டாக்டர்

அமெரிக்காவில் 1913 வரைக்கும் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில சட்டமன்றங்கள்தான் அனுப்பி வைத்தன. 17-வது திருத்தம் வந்த பிறகுதான் அது மாறியது. "ஓட்டு வாங்காதவர் அதிகாரத்தில் உட்காரலாமா?" என்ற அதே கேள்வி நம்ம மெட்ராஸிலும் வந்தது. நடுவில் இருந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன்.

1880-ல் பிறந்தவர். பர்மாவில் டாக்டர் வேலை பார்த்துட்டு, மேல்படிப்புக்கு லண்டன் போனார். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கர், வ.வே.சு. ஐயர் பழக்கம். ஐயரும் நம்ம வரகனேரிதான். அப்புறம் ஊருக்குத் திரும்பி, திருச்சியில் பிராக்டீஸ், கூடவே காங்கிரஸ்.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது திருச்சி கன்டோன்மென்ட்டில் இருந்த இவர் வீட்டிலிருந்துதான். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஜனங்க சாப்பாட்டை மரக்கிளையில் கட்டி வச்சுட்டுப் போயிட்டாங்க. ராஜனும் சிறைக்குப் போனார். 1934-ல் டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்தலில் ஜெயித்தே போனார்.

சிக்கல் 1937-ல். ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது ராஜன் சட்டமன்ற உறுப்பினரே இல்லை. கவர்னர் மூலமாக மேல்சபைக்கு நியமனம் செய்ய வைத்து, சுகாதாரத்தையும் அறநிலையத்தையும் அவரிடம் கொடுத்தார் ராஜாஜி. எந்த கவர்னர் அதிகாரத்தை எதிர்த்து காங்கிரஸ் ஓட்டு கேட்டதோ, அதே கவர்னரின் பேனா!

வேலை நடந்தது, அதை மறுக்க முடியாது. 1939-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தபோது அறநிலையத் துறை இந்த ஸ்ரீரங்கத்து ஐயங்கார் கையில்தான் இருந்தது.

ஆனா, சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது தெரியும்: ஒருதடவை மட்டும்னு போடுற குறுக்குவழிதான் கடைசியில் நிரந்தரமா நின்னுடும். 1952-ல் தேர்தலில் நிற்காத ராஜாஜியே, மேல்சபை நியமனம் வழியாக முதலமைச்சர் ஆனார். அன்னிக்கு காங்கிரஸுக்குப் பெரும்பான்மைகூட கிடையாது.

ராஜன் 1953-ல் காலமானார். அவர் தகுதியானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் இந்த முன்னுதாரணம் ஆபத்தானது. தகுதியில்லாதவரை அந்த வழியில் கொண்டுவந்திருந்தால், அன்னிக்கே எல்லாரும் சேர்ந்து கதவை மூடியிருப்பாங்க.