நாளைய கோழி: இனத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

கடையில் பிராய்லர் கோழி வாங்கும் யாரும் "இது என்ன இனம்?" என்று கேட்பதில்லை. கிலோ என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் பண்ணை வீடுகளில் இனம்தான் முதல் கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வி காணாமல் போனதன் பின்னால் ஒரு போட்டி இருக்கிறது!

வீட்டுக்கு ஏற்ற கோழி

அக்காலத்தில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. முட்டை விற்ற காசில் மளிகைச் சாமான் வரும். முட்டையிட்டு ஓய்ந்த கோழியும் மிஞ்சிய சேவலும்தான் கறிக்கு. ஆகவே ஒரே கோழி முட்டையும் இட வேண்டும், சதைப்பற்றோடும் இருக்க வேண்டும். அடைகாக்கவும் குளிரைத் தாங்கவும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. பிளைமவுத் ராக், ரோட் ஐலண்ட் ரெட், வயன்டாட் போன்ற இனங்கள் இந்தத் தேவையிலிருந்து உருவானவை.

ஒஹாயோ மாநிலத்தின் நெட்டி மெட்கஃப் என்ற பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில இனங்களைக் கலந்து 'பக்கை' என்ற புதிய இனத்தையே உருவாக்கினார். பெரிய கொண்டை உள்ள சேவல்களுக்குக் கடும் பனியில் கொண்டை உறைந்து புண்ணாகிவிடும். பக்கை கோழிக்குக் கொண்டை சிறியது, தலையோடு ஒட்டியது. தன் ஊரின் குளிருக்கு எது தாங்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த தேர்வு அது.

தவறாக வந்த 500 குஞ்சுகள்

1923இல் டெலவேர் மாநிலத்தில் சிசில் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். வந்ததோ 500! திருப்பி அனுப்பாமல், கறிக்கென்றே வளர்த்து விற்றார். நல்ல லாபம் கிடைத்தது. அக்கம்பக்கத்தாரும் அதையே செய்ய, கறிக்கோழி தனித் தொழிலானது. ஆனாலும் இனங்கள் பழையவையே. 1925 வாக்கில் ஒரு கோழி 1.1 கிலோ எடைக்கு வர 112 நாட்கள் ஆயின.

போட்டி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் ரேஷன் இருந்தது, கோழிக்கு இல்லை. போர் முடிந்தால் மக்கள் கோழியை மறந்துவிடுவார்களோ என்ற பயம் தொழிலில் எழுந்தது. ஏ அண்ட் பி என்ற பெரிய மளிகைக்கடை நிறுவனம், வேளாண் துறையோடு சேர்ந்து 'நாளைய கோழி' என்ற போட்டியை நடத்தியது. 1946இல் மாநில அளவில் தொடங்கி, 1948இல் டெலவேரில் இறுதிச் சுற்று நடந்தது. அகன்ற நெஞ்சும் தடித்த தொடையும் கொண்ட கோழி எப்படி இருக்க வேண்டும் என்று மெழுகில் மாதிரியே செய்து வைத்திருந்தார்கள். பல மாநிலங்களின் முட்டைகளை ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை 12 வாரம் வளர்த்து, அறுத்து மதிப்பிட்டார்கள்.

வென்றவர் கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ். அவருடையது கார்னிஷ் இனமும் நியூ ஹாம்ப்ஷயர் இனமும் சேர்ந்த கலப்பு. 1951இலும் அவரே வென்றார். இதில் நமக்கும் பங்குண்டு! இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் உருவான கார்னிஷின் பழைய பெயர் 'இந்தியன் கேம்'. நம் நாட்டு அசில் சண்டைக்கோழியின் ரத்தம் கலந்த இனம் அது.

கிடைத்ததும் போனதும்

இன்றைய பிராய்லர் ஏழே வாரங்களில் இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிடுகிறது. அன்று ஒரு கிலோ எடை கூட நாலரைக் கிலோவுக்கு மேல் தீவனம் வேண்டும். இன்று இரண்டு கிலோகூட வேண்டாம். விசேஷ நாளில் மட்டும் கிடைத்த கறி ஏழைக்கும் எட்டியது. இதைச் சிறிய விஷயம் என்று சொல்ல முடியாது.

ஆனால் கலப்பினத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் குஞ்சுகள் தாயைப் போலவே வளர்வதில்லை. வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் நிறுவனத்திடமே குஞ்சு வாங்க வேண்டும். வேகமாக ஏறும் எடையைத் தாங்காமல் காலும் இதயமும் பழுதாவது வேறு. வான்ட்ரெஸ் பெயர் இன்றும் 'காப்-வான்ட்ரெஸ்' நிறுவனத்தில் வாழ்கிறது. இந்தியாவில் 'வென்காப்' என்று விற்கும் பிராய்லரும் காப் வம்சம்தான். அசில் ரத்தம் உலகைச் சுற்றிவிட்டு, அடையாளம் தெரியாமல் நம் ஊருக்கே திரும்பியிருக்கிறது!

பழைய இனங்களோ கவனிப்பாரின்றிக் குறைந்தன. அவற்றைக் காக்க 1977இல் அமெரிக்காவில் தனி அமைப்பே தொடங்க வேண்டியிருந்தது. அழியும் நிலைக்குப் போன பக்கை கோழியும் அப்படித்தான் மெல்ல மீண்டது.

போட்டி நடத்தியவர்கள் கெட்டவர்கள் அல்ல. கடைக்கு எந்தக் கோழி நல்லது என்று கேட்டார்கள், சரியான பதிலும் கிடைத்தது. நெட்டி மெட்கஃப் கேட்டது வேறு கேள்வி. வீட்டில் நாலு கோழி வளர்க்க நினைப்பவர், எது சீக்கிரம் எடை போடும் என்று தேடும் முன், தன் ஊர் வெயிலையும் மழையையும் எது தாங்கும், எது தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் என்று பார்ப்பது நல்லது. அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கொல்லையிலேயே மேய்ந்துகொண்டிருக்கும்.