மனு திரும்பி வந்தது!

"மக்கள் முறையிடவில்லை, ஆகவே மக்களுக்குக் குறையில்லை!" ஆளவந்தோர் அடிக்கடி எடுத்து வீசும் வாதம் இது. வாய்ப்பூட்டுப் போடப்பட்டவனின் மௌனத்தைக் காட்டி, அவன் மனநிறைவோடு இருக்கிறான் என்று சாட்சி கூறும் வாதம். இந்த வாதம் ஒருமுறை, நம் சென்னை மாகாணத்திலேயே, ஏட்டிலும் எழுத்திலும் அம்பலமானது. அந்த வரலாற்றை அறிந்தவர் சிலரே. அறிய வேண்டியவர் அனைவரும்!

1854ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். இலண்டன் பாராளுமன்றத்தின் மக்கள் சபை. டான்பி சீமோர் என்ற உறுப்பினர் எழுந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் நிலவரி தண்டுவதற்காக உழவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்றார். கம்பெனியின் பக்கம் நின்றோர் நம்ப மறுத்தனர். எங்கள் ஆட்சியிலா, எங்கள் கலெக்டர்களின் கண்ணெதிரிலா, என்று புருவம் நெரித்தனர்.

சீமோருக்கு இந்தச் செய்தி வானத்திலிருந்து விழவில்லை. 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தோற்றுவித்த கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற வணிகர், அதற்கு எட்டாண்டு முன்பே "கிரசண்ட்" என்ற இதழை நிறுவி மக்கள் குறைகளை எடுத்துரைத்தவர். அவருடைய சங்கம் பாராளுமன்றத்துக்கு மனு விடுத்தது. வரியின் கொடுமை, வழக்கு மன்றங்களின் சீர்கேடு, அலுவலரின் அட்டூழியம் எல்லாம் அதில் இருந்தன. மனு போயிற்று. கம்பெனியின் ஆட்சியோ 1853ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் நீட்டிக்கப்பட்டது! சங்கம் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் சென்னைக்கு வந்த சீமோரைச் செட்டியார் வெளியூர்களுக்கு அழைத்துச் சென்று, கேட்டதைக் கண்ணாலேயே காணச் செய்தார்.

பாராளுமன்றத்தில் பற்றிய தீ சென்னைக் கோட்டையைச் சுட்டது. விசாரிக்கக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். குறையுடையோர் நேரிலும் வரலாம், மடலும் விடுக்கலாம் என்று அறிவிப்பு வெளிவந்தது.

மாகாணத்தில் இரயில் ஓடத் தொடங்காத காலம் அது. இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது 1856இல்தான். நடந்து வர வேண்டும். அல்லது வண்டி கட்ட வேண்டும். வழிச்செலவுக்குப் பொருள் வேண்டும். வயலை விட்டு வர மனம் வேண்டும். திரும்பிச் சென்றபின் அதே அலுவலரின் கையில்தான் வாழ வேண்டும் என்ற அச்சத்தை வெல்லும் துணிவு வேண்டும். இத்தனைக்கும் பிறகு, சில திங்களில் குழுவின் முன் குவிந்த முறையீடுகள் 1,959! நேரில் வந்தோர் 519 பேர். மடல் விடுத்தோர் 1,440 பேர்.

குறையே இல்லை என்றனரே! கதவு ஓரங்குலம் திறந்ததும் இத்தனைக் குரல்கள் எங்கிருந்து வந்தன? அடைபட்ட கதவின் பின்னே அவை ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன.

1855இல் குழுவின் அறிக்கை வந்தது. வரி தண்டுவதற்காக வதைக்கும் வழக்கம் மாகாணமெங்கும் பரவியிருக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது. விரல்களை மரச்சட்டத்தினிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துத் தலையைக் காலோடு பிணைத்து, முதுகில் கல்லேற்றும் அண்ணாந்தாள், கொளுத்தும் வெயிலில் நிற்க வைத்தல், உணவுக்கும் போக விடாமல் அடைத்து வைத்தல், கண்ணில் மிளகாய். இவை அரசுக்கு வரி சேர்க்கும் கருவிகளாக மட்டும் இருக்கவில்லை. அலுவலர் தம் மடியை நிரப்பிக்கொள்ளும் கருவிகளாகவும் இருந்தன. கலெக்டர் பார்ப்பது கருவூலத்தில் சேர்ந்த தொகையை. அது எந்த விரலை நெரித்து வந்தது என்று அந்தக் கணக்கேடு சொல்லாது.

படிக்கும்போதே நெஞ்சு பதைக்கிறது. ஆனால் அந்த அறிக்கையில் கிட்டியைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது இரும்பாலோ மரத்தாலோ ஆனதன்று. மையால் எழுதப்பட்ட ஒற்றை வரி!

அடிபட்ட உழவன் கலெக்டரிடம் நேரில் செல்ல வேண்டுமானால் செலவு. கச்சேரி வாயிலில் நாள்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். சரி, மனு எழுதி அனுப்பலாம் என்றால், வழக்கம்போல் அதன்மீது ஒரு வரி எழுதப்பட்டுத் திரும்பி வரும்: "தாசில்தாரிடம் சொல்லிக்கொள்க." எந்தத் தாசில்தார்? யார் அடித்தாரோ, அல்லது யாருடைய சேவகர்கள் அடித்தார்களோ, அதே தாசில்தார்!

இந்த விந்தை எப்படி நேர்ந்தது? 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் கலெக்டருக்குக் கீழே தாசில்தாரின் கையில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. வரி கேட்பவர் அவரே. தராதவனைப் பிடிப்பவர் அவரே. பிடித்தவனை அடித்தார்கள் என்ற புகாரைக் கேட்பவரும் அவரே. நீதி வேண்டுவோர் அசைக்க ஆராய்ச்சி மணி கட்டிய சோழன் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். கம்பெனியாரும் மணி கட்டினர். கயிற்றை மட்டும் குற்றவாளியின் கையில் கொடுத்துவிட்டனர்!

தப்பித்தவறிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால்? மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய தண்டனை ஐம்பது ரூபாய் அபராதம், அல்லது ஒரு திங்கள் சிறை. அதற்குமேல் வேண்டுமானால் குற்றவியல் நீதிபதிக்கு அனுப்ப வேண்டும். அங்கே மீண்டும் பயணம், மீண்டும் செலவு, மீண்டும் சாட்சி. வயிற்றுக்குக் கூழ் தேடுவானா, வழக்குக்குச் சாட்சி தேடுவானா அந்த ஏழை?

ஆகவே அவன் வாயை மூடிக்கொண்டான். அது பணிவன்று, அறியாமையுமன்று. மனுவின் வழி எங்கே போய் முடியும் என்பதை அனுபவத்தால் கற்றவனின் கசந்த அறிவு அது. ஆட்சியைப் பற்றி மக்கள் அடையும் ஏமாற்றத்தில் இதுவே கடைசிப் படி. கோபம் கொண்டவன் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறான். கேட்டால் கிடைக்கும் என்ற எண்ணம் அவனுக்கு உண்டு. கேட்பதையே நிறுத்திவிட்டவனோ ஆட்சியை மனத்தால் துறந்துவிட்டான்.

குழுவின் அறிக்கை ஒரு காரியம் செய்தது. ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டது. கொடுமை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் பழியைக் கீழ்நிலை அலுவலர்மீது சுமத்திவிட்டு, மேலிருந்த வெள்ளை அதிகாரிகள் இதற்கு உடந்தையல்லர் என்று அவர்களை விடுவித்தது. கருவூலத்தை நிரப்பு என்று கட்டளையிட்டவர் தூயவர். நிரப்பியவன் மட்டும் கயவன்! இந்த நழுவலைக் கண்டு எள்ளியவர் காரல் மார்க்சு. 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் வெளியான கட்டுரையில், இந்த அறிக்கையையே எடுத்துக்காட்டி, இந்திய மக்கள் பொங்கி எழுந்ததற்குக் காரணம் இல்லையா என்று கேட்டார். வடபுலம் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. மறு ஆண்டே கம்பெனியின் ஆட்சி முடிந்தது.

1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறையைத் தந்தது. வரி தண்டும் கையிலிருந்து தடியைப் பிரித்தது. முறையிட்ட 1,959 பேருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் தடி கைமாறியதே தவிர, தடியைப் பற்றிய புகாரைக் கேட்பவர் யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

டல்ஹௌசி காலத்து இருப்புப்பாதையையும் தந்தியையும் மாணவருக்குக் கற்பிக்கிறோம். கற்பிக்கத்தான் வேண்டும். அதே காலத்து மனுவின் கதையையும் கற்பிக்க வேண்டும். ஏனெனில் இருப்புப்பாதை எங்கே போகிறது என்பதைவிட, ஏழையின் மனு எங்கே போகிறது என்பதே ஆட்சியின் தரத்தைக் காட்டும் அளவுகோல்.

இன்று அன்னியர் ஆட்சி இல்லை. நாம் வாக்களித்து அமைக்கும் ஆட்சி நடக்கிறது. திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம் கூடுகிறது. 2005ஆம் ஆண்டு முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்டு. இவை சிறியவையல்ல, போராடிப் பெற்றவை. ஆயினும் 2020 ஜூன் திங்களில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் மாண்டபோது, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. புலன்விசாரணை மாநிலக் காவல்துறையிடமிருந்து மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. ஏன் செல்ல வேண்டும்? குற்றம் சாட்டப்பட்டவர் எந்தத் துறையோ, அந்தத் துறையே விசாரிக்கக் கூடாது என்பதனால்! 1855ஆம் ஆண்டு அறிக்கை கற்பித்த பாடம், 165 ஆண்டுகளுக்குப் பின்னும் புதிதாகக் கற்க வேண்டிய பாடமாகவே இருக்கிறது.

ஆட்சியாளர் எத்தனை மனுக்களைப் பெற்றோம் என்று கணக்குச் சொல்வர். அந்தக் கணக்கைக் கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடக் கூடாது. வேறொரு கணக்கு கேட்க வேண்டும். லஞ்சம் கேட்டார் என்று எழுதப்பட்ட மனு, லஞ்சம் கேட்டவரின் மேசைக்கே திரும்பிப் போனது எத்தனை முறை? அடித்தார் என்ற மனு, அடித்தவரின் அலுவலகத்துக்கே அனுப்பப்பட்டது எத்தனை முறை? இந்தக் கணக்கு சுழியாகும் நாளில், மக்கள் முறையிடவில்லை என்று ஆளவந்தோர் பெருமை கொள்ளலாம். அதுவரை மக்களின் மௌனத்தைத் தம் ஆட்சிக்கு நற்சான்றாக எவரும் நீட்ட வேண்டாம். அன்றைய உழவனும் மௌனமாகத்தான் இருந்தான். அந்த மௌனத்தை நம்பியிருந்த கம்பெனி இன்று எங்கே?