இரண்டு பந்தயங்களுக்கு நடுவே

நெடுந்தொலைவு ஓட்டக்காரர் ஒரு பந்தயத்தை முடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அடுத்ததற்கு நிற்க வேண்டும் என்பதை ஏறக்குறைய நூறாண்டுக் காலம் மற்றவர்களே முடிவுசெய்தார்கள். முதல் உலகப் போர் வரை பணம் கட்டியவர்களும் அரங்க முதலாளிகளும் அந்த நாளைக் குறித்தார்கள். அதன்பின் ஒலிம்பிக் அட்டவணை போட்டவர்கள் குறித்தார்கள். இடைப்பட்ட நாட்களில் தசைக்குள் என்ன நடக்கிறது என்பது 1960களிலிருந்துதான் ஆய்வகங்களில் தெளிவானது. ஓடியவர்களில் சிலர் அதை முன்பே உணர்ந்து தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு அதனால் சோம்பேறி என்ற பெயர்தான் கிடைத்தது.

1870களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருங்கூட்டத்தை இழுத்தவை ஆறு நாள் பந்தயங்கள். அரங்குக்குள் போட்ட வட்டப் பாதையில் நடந்தும் ஓடியும், ஆறு நாளில் அதிகத் தொலைவு கடந்தவரே வென்றவர். தூக்கம் என்பது பாதையோரத்தில் சில மணி நேரம். தூங்கும் நேரத்தில் எதிராளி முன்னே போய்விடுவார். 1878 மார்ச்சில் லண்டனில் சர் ஜான் ஆஸ்ட்லி நடத்திய முதல் பந்தயத்தில், அயர்லாந்தில் பிறந்த அமெரிக்கர் டேனியல் ஓலியரி 520 மைல், அதாவது சுமார் 837 கிலோமீட்டர் கடந்து வெற்றிப் பட்டையைப் பெற்றார். பட்டை கையில் இருப்பவர் சவால் வந்தால் ஏற்றாக வேண்டும். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் மறுபடி வென்ற ஓலியரி, 1879 மார்ச்சில் மூன்றாம் முறை நின்றபோது பாதியிலேயே விலக நேர்ந்தது. பட்டை இங்கிலாந்தின் சார்லஸ் ரோவெல்லிடம் போனது.

இதைவிடக் கொடுமையான ஒரு பருவம் 1908 இறுதியில் தொடங்கியது. அந்த ஜூலையில் லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொரான்டோ பியெத்ரி எல்லைக் கோட்டருகே திரும்பத் திரும்ப விழுந்து, பிறர் தாங்கிப் பிடிக்க முடித்து, அதனாலேயே தகுதி இழந்தார். தங்கம் அமெரிக்கர் ஜானி ஹேய்ஸுக்குப் போனாலும் புகழ் பியெத்ரிக்கு வந்தது. புகழைக் காசாக்க நியூயார்க்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். நவம்பர் 25 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்குள், புகையிலைப் புகை சூழ்ந்த காற்றில், முழு மாரத்தான் தொலைவு ஓடி ஹேய்ஸை வென்றார் பியெத்ரி. டிசம்பர் 15 அன்று அதே அரங்கில் கனடாவின் டாம் லாங்போட்டுடன் ஓடி, முடியும் தறுவாயில் சுருண்டு விழுந்தார். ஜனவரி 2 அன்று பஃபலோ நகரில் லாங்போட்டிடம் மீண்டும் தோல்வி. நாற்பது நாளுக்குள் மூன்று மாரத்தான்கள். மார்ச் 15 அன்று ஹேய்ஸை மறுபடி வென்றார். பத்தொன்பதே நாள் கழித்து, ஏப்ரல் 3 அன்று, போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓடிய பெரும்பந்தயம் நடந்தது. அதில் வென்றவர் அமெரிக்காவில் அதுவரை பெயர் அடிபடாத பிரெஞ்சுக்காரர் ஆங்ரி சாங் ஈவ். அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒருவரையொருவர் துரத்தித் தேய்ந்துபோன கால்களுக்கு நடுவே அவருடையவை புதுக் கால்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பியெத்ரி 1911இல், தம் 26ஆம் வயதில், ஓட்டத்தை விட்டுவிட்டார்.

லாங்போட்டின் கதை வேறு. ஒன்டாரியோவின் சிக்ஸ் நேஷன்ஸ் குடியிருப்பைச் சேர்ந்த ஒனொண்டாகா பழங்குடியினரான அவர் 1907இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். ஒரு நாள் கடுமையாக ஓடினால் அடுத்த சில நாள் நீண்ட நடை, இலேசான ஓட்டம், அல்லது முழு ஓய்வு என்பது அவருடைய வழக்கம். மேலாளர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இது பொறுக்கவில்லை. காசு கொடுத்து ஒப்பந்தம் செய்த ஆள் தினமும் வியர்வை சிந்த வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதோடு பழங்குடியினர் பற்றிய இளக்காரமும் சேர்ந்துகொள்ள, பயிற்சிக்கு டிமிக்கி கொடுப்பவர் என்று எழுதினார்கள். பின்னர் அவர் தம் ஒப்பந்தத்தைத் தாமே விலை கொடுத்து மீட்டுக்கொண்டு தம் வழியிலேயே பயிற்சி செய்தார். கடின நாள், எளிய நாள் என மாறிமாறி வரும் அவருடைய முறையைத்தான் இன்றைய பயிற்சியாளர்கள் பாடமாகச் சொல்கிறார்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் தொழில்முறைப் பந்தயங்களின் மவுசு குறைந்து, இடைவெளியைத் தீர்மானிக்கும் உரிமை ஒலிம்பிக் அதிகாரிகளிடம் வந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூலை 10 அன்று 1,500 மீட்டர், 5,000 மீட்டர் இரண்டின் இறுதிப் போட்டிகளும் வைக்கப்பட்டன. நடுவில் அரை மணி நேரம்தான் என்றிருந்ததை, பின்லாந்து எதிர்த்த பிறகு, ஒரு மணி நேரத்தை ஒட்டி நீட்டினார்கள். இரண்டிலும் ஓட நினைத்த பாவோ நூர்மி புலம்பிக்கொண்டிருக்கவில்லை. ஜூன் 19 அன்று ஹெல்சின்கியில் அதே இடைவெளியை ஒத்திகை பார்த்தார். 1,500 மீட்டரை 3 நிமிடம் 52.6 விநாடியில் ஓடினார். ஒரு மணி நேரம் கழித்து 5,000 மீட்டரை 14 நிமிடம் 28.2 விநாடியில் ஓடினார். இரண்டும் உலக சாதனை. பாரிஸில் 1,500 மீட்டரின் தொடக்கச் சுற்றுகளை விரைவாக ஓடி எதிராளிகளை உதறிவிட்டு, கடைசிச் சுற்றில் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வெற்றி உறுதியான பின் செலவழிக்கும் ஒவ்வொரு மூச்சும் அடுத்த பந்தயத்தின் கணக்கிலிருந்து போகிறது என்பதை அவர் அளவுக்குப் புரிந்துவைத்திருந்தவர் அன்று வேறு யாருமில்லை. 5,000 மீட்டரில் சக நாட்டவர் வில்லே ரிடோலாவை மயிரிழையில் முந்தித் தங்கம் பெற்றார்.

இரண்டு நாள் கழித்து நடந்த நாட்டுப்புற ஓட்டத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. புறப்பட்ட 38 பேரில் 15 பேர்தான் முடித்தார்கள். நூர்மி ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னதாக வந்து, மறுநாள் 3,000 மீட்டர் குழுப் பந்தயத்துக்கும் நின்று வென்றார். ஆனால் 10,000 மீட்டரில் அவரைப் பின்லாந்து அதிகாரிகள் சேர்க்கவில்லை. அவ்வளவு ஓட்டம் உடலுக்கு ஆகாது என்றார்கள். ஆகஸ்டு 31 அன்று அதே தொலைவில் புது உலக சாதனை படைத்து அவர் பதில் சொன்னார். ரிடோலாவுக்கோ அப்படியொரு தடை இருக்கவில்லை. எட்டு நாளில் எட்டுப் பந்தயம் ஓடி ஆறு பதக்கங்களோடு வீடு திரும்பினார்.

செக் ராணுவ வீரர் எமில் ஸாட்டோபெக்கின் பயிற்சி முறை இதே கேள்விக்கு வேறு திசையில் விடை தேடியது. 400 மீட்டரை வேகமாக ஓடி, 200 மீட்டர் மெல்ல ஓடி, மூச்சு முழுதாகத் திரும்புமுன் அடுத்த 400 மீட்டர் எனப் பல பத்து முறை ஓடுவார். முழுதும் தேறாத உடலோடு மறுபடி ஓடுவதையே அன்றாடப் பழக்கமாக்கியவர் அவர். ஓய்வின் பலனை அவருக்குக் கற்பித்தது ஒரு விபத்து. 1950இல் பிரசல்ஸ் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு முன் நச்சுணவால் மருத்துவமனையில் படுத்தவர், போட்டிக்குச் சில நாள் முன்புதான் வெளியே வந்தார். ஓடவே மாட்டார் என்று நினைத்திருக்க, 10,000 மீட்டரில் ஒரு நிமிடத்துக்கும் மேல் முந்தி வென்றார். 5,000 மீட்டரிலும் இருபது விநாடிக்கு மேல் முந்தினார். மாதக்கணக்கான கடும் பயிற்சியின் பலன், அதை நிறுத்திய நாட்களில்தான் வெளியே வந்தது. பந்தயத்துக்கு முன் பயிற்சியைக் குறைப்பது பற்றிய பாடங்களில் இந்த நிகழ்ச்சி இன்றும் எடுத்துக்காட்டாக வருகிறது.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் அவர் அட்டவணை இது: ஜூலை 20 அன்று 10,000 மீட்டர், 22 அன்று 5,000 மீட்டர் தகுதிச் சுற்று, 24 அன்று அதன் இறுதி, 27 அன்று மாரத்தான். மூன்றிலும் தங்கம். மாரத்தான் அவருக்கு அதுவே முதல் முறை. 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் முடித்தார். அந்தப் பந்தயத்தில் எல்லோரும் எதிர்பார்த்தது இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸை. ஆறு வாரம் முன்பு, ஜூன் 14 அன்று, 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடி உலகின் மிக விரைவான மாரத்தானைப் பதித்திருந்தவர் அவர். ஹெல்சின்கியில் முன்னணியில் பாய்ந்தவர், 30 கிலோமீட்டருக்குப் பின் தசைப்பிடிப்பால் விலகினார். வரும் வழியில் விமானப் பயணம் அவரைப் படுத்தியது உண்மை. ஆனாலும் ஒரு வாரத்துக்குள் மூன்று பந்தயம் ஓடியவர் தாக்குப்பிடித்த இடத்தில், ஆறு வாரம் முன்பு ஒரே ஒரு முழு மாரத்தான் ஓடியவர் தளர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஓடுதளத்தில் 20 கிலோமீட்டர் ஓடுவது வேறு. தார்ச்சாலையில் 42 கிலோமீட்டர் உலக சாதனை வேகத்தில் ஓடுவது வேறு.

அந்த வேறுபாட்டை ஆய்வகம் விளக்கியது பிறகுதான். பந்தயத்துக்கு மறுநாள் வரும் கால்வலிக்குத் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலமே காரணம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். இன்றும் பல உடற்பயிற்சிக் கூடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடும். தசைக்குள் ஏற்படும் கிழிவுதான் அந்த வலி என்று அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902இலேயே எழுதியிருந்தும் யாரும் பொருட்படுத்தவில்லை. 1966இல் ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ராம், எரிக் ஹூல்ட்மன் என்ற இருவரும் தங்கள் உடலையே சோதனைக்கு வைத்தார்கள். ஒற்றைக் காலால் மட்டும் மிதிவண்டி மிதித்துத் தசையின் மாவுச்சத்துச் சேமிப்பான கிளைகோஜனைத் தீர்த்துவிட்டு, மாவுச்சத்து நிறைந்த உணவு உண்டு, ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மூன்று நாளில் உழைத்த காலில் மட்டும் கிளைகோஜன் மற்றக் காலைவிட இரு மடங்கு சேர்ந்திருந்தது. இந்த அறிவை 1969இல் ஏதென்ஸ் ஐரோப்பிய மாரத்தானில் பயன்படுத்தி வென்றார் இங்கிலாந்தின் ரான் ஹில்.

எரிபொருள் சில நாளில் நிரம்பிவிடும். எந்திரம் பழுதுபார்க்கப்படத்தான் நாளாகிறது. 1983இல் மாரத்தான் ஓடியவர்களின் கெண்டைக்கால் தசையை ஒரு வாரம் வரை தொடர்ந்து ஆராய்ந்த அமெரிக்கக் குழுவொன்று, இறந்த தசை நார்களை அதில் கண்டது. சேதமடைந்த தசை கிளைகோஜனையும் மெதுவாகவே சேர்க்கும். அதே காலகட்டத்தில் சிகாகோவில் ராபர்ட் ஹிக்சன் செய்த சோதனைகள் மறுபக்கத்தைக் காட்டின. பயிற்சி நேரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும், வேகத்தைக் குறைக்காதவரை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு 15 வாரத்துக்கும் சரியவில்லை. பந்தயம் முடிந்து சில நாள் ஓடாவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற ஓட்டக்காரர்களின் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை. இரண்டு மாரத்தான்களுக்கு நடுவே நான்கு வாரம் இருந்தால், முதல் வாரம் நடையும் ஓய்வும், அடுத்தது மெதுவோட்டம், மூன்றாம் வாரத்தில் குறைந்த தொலைவில் பந்தய வேகத்தைத் தொடும் சில ஓட்டங்கள், கடைசி வாரம் மறுபடி குறைப்பு என்று இன்று பயிற்சியாளர்கள் சொல்வது இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின் மேல் நிற்கிறது.

ஆய்வுகளுக்குக் காத்திராமல் ஒரு விதியைச் சொன்னவர் நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர். மிதிவண்டி வீரராக இருந்து 32 வயதில் ஓடத் தொடங்கியவர். பந்தயத்தின் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் மீட்சி என்பது அவர் பெயரால் வழங்கும் கணக்கு. மாரத்தானுக்கு 26 நாள். 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் 2 மணி 11 நிமிடம் 18 விநாடியில் ஓடி வெள்ளி வென்றவர் சொன்னது என்பதால் அதற்கு மதிப்பு வந்தது. இரண்டாண்டு கழித்து மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் பின்லாந்தின் லாஸ்ஸே விரென் அந்தக் கணக்கைக் கண்டுகொள்ளவில்லை. 10,000, 5,000 மீட்டர் தங்கங்களை வென்று, இரண்டாவதற்கு மறுநாளே மாரத்தானும் ஓடினார். ஐந்தாம் இடம்.

ஃபாஸ்டரின் விதியை நீண்ட காலம் மீறிக்காட்டியவர் ஜப்பானின் யூகி கவாவுச்சி. சைதாமா மாநில அரசின் எழுத்தராக உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். நாளுக்கு ஒரு முறை மட்டும் பயிற்சி. வாரத்தில் ஒரு நாள் வேக ஓட்டம், ஒரு நாள் நீண்ட ஓட்டம், மற்ற நாள் மெதுவோட்டம். கடுமையான நீண்ட பயிற்சியை அவர் தனியாகச் செய்யாமல் பந்தயங்களிலேயே செய்தார். 2013 டிசம்பர் 1 அன்று ஃபுக்குவோக்காவில் 2:09:05, டிசம்பர் 15 அன்று ஹோஃபுவில் 2:09:15. 2018 புத்தாண்டு நாளில் மாசசூசெட்ஸின் உறைபனிக் குளிரில் ஒரு மாரத்தானை ஓடியவர், அந்த ஏப்ரலில் கொட்டும் மழையில் பாஸ்டனை வென்றார். ஒருமுறை சேதப்பட்டுத் தேறிய தசை அடுத்த முறை அதே உழைப்பில் குறைவாகவே சேதப்படும் என்பதை உடலியலாளர்கள் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். கவாவுச்சியின் தாங்குதிறனில் அதற்குப் பங்கிருக்க வேண்டும். எல்லோருக்கும் அது வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை.

எத்தியோப்பியாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடும் சிஃபான் ஹசன் 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று தொலைவுகளில் ஓடினார். ஆறு வாரம் கழித்து சிகாகோ மாரத்தானை 2 மணி 13 நிமிடம் 44 விநாடியில் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றுக்கும் பெயர் கொடுத்தார். அவரைக் கட்டாயப்படுத்திய முதலாளி யாருமில்லை. அட்டவணையைப் பார்த்து அவரே எடுத்த முடிவு அது. ஆகஸ்டு 2 அன்று 5,000 மீட்டர் தகுதிச் சுற்று, 5 அன்று அதன் இறுதியில் வெண்கலம், 9 அன்று இரவு 10,000 மீட்டரில் வெண்கலம். 11 அன்று காலை 8 மணிக்கு மாரத்தான். இடைவெளி 35 மணி நேரம். பெரும்பகுதி முன்னணிக் குழுவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடியவர், கடைசி வேக ஓட்டத்தில் எத்தியோப்பியாவின் திகஸ்ட் அசெஃபாவை 3 விநாடியில் முந்தி, 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு முடித்தார்.