குட்டைக் குரோமோசோமிலிருந்து கிண்டி வரை: இமாடினிப் கடந்த வழி

பெங்களூரு சிவாஜிநகரின் பௌரிங் மருத்துவமனையானாலும் சரி, வேறெந்த அரசு மருத்துவமனையானாலும் சரி, காய்ச்சலுக்கோ களைப்புக்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி நிற்கும். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர்களில் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளே மிச்சமிருந்தன. இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார்கள். இந்த மாற்றத்தை ஆய்வகத்தின் வெற்றியாக மட்டுமே எழுதுகிறார்கள். அது பாதிக் கதைதான். மறுபாதி சென்னையில் நடந்தது.

1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் அணுக்களில் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த குட்டை அது என்று 1973-இல் ஜேனட் ரவுலி காட்டினார். 1980களில் ஒட்டிய இடமும் துலங்கியது. 9-இலிருந்து வந்த ஏபிஎல் மரபணு, 22-இல் உள்ள பிசிஆர் மரபணுவோடு சேர்ந்து ஒரு நொதியை உண்டாக்குகிறது. தேவைப்படும்போது மட்டும் இயங்க வேண்டிய அந்த டைரோசின் கைனேஸ் ஓய்வின்றி இயங்கி, அணுவைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நொதிக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு அமரும் பள்ளத்தில் தான் போய் அமர்ந்து வேலையை நிறுத்துவது இமாடினிப் என்னும் மருந்து. பிரையன் ட்ரக்கர் 1998-இல் தொடங்கிய முதற்கட்டச் சோதனையில், 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணு எண்ணிக்கை சீரானது. 2001-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

அதே 1998-இல், இம்மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் நிறுவனம் சென்னையில் விண்ணப்பித்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராத காலம் அது, விண்ணப்பம் காத்திருந்தது. 2003-இல் நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அப்போது உள்நாட்டு மருந்து மாதம் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். நோவார்டிஸ் மருந்தோ சுமார் 1,20,000 ரூபாய். பலருக்கு நிறுவனம் இலவசமாகவே கொடுத்தது உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுபோகும் மாத்திரையை நம்பி ஒருவர் ஆயுள் முழுக்க எப்படி வாழ்வார்?

புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, செயல்திறன் கூடினால் ஒழியக் காப்புரிமை இல்லை என்பது சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்று நோவார்டிஸ் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் தள்ளுபடி செய்தனர். செயல்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன் என்று அவர்கள் சொன்ன விளக்கமே இவ்வரலாற்றின் அச்சாணி என்று நான் கருதுகிறேன்.

காப்புரிமை மறுப்பை எதிர்த்து நோவார்டிஸ் தொடுத்த வழக்கில், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தின் வழியே சென்றது. பீட்டா படிகம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது நிறுவனம். கூடுதலாகச் சேர்ந்த மருந்து நோயைக் கூடுதலாகக் குறைத்தது என்பதற்குச் சான்று எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. அந்தச் சான்று கோப்பில் இல்லை. மலிவான மாத்திரை கடைகளில் தொடர்ந்து கிடைத்தது.